முதல் மனுதாரர்

காலை ஆறு மணி ஆனதும் முத்துத்திட்டு மிதவூரில் இருபதாயிரம் காதுகளுக்குள் ஒரே குரல் பேசத் தொடங்கும்.

"வணக்கம். நேற்று நீங்கள் பதினேழு பேருடன் பேசினீர்கள். அவர்களில் இருவர் புதியவர்கள். நெடுநேரம் பேசியது உங்கள் தம்பியுடன், இருபத்தாறு நிமிடம். அனைத்தும் பதிவு செய்யப்பட்டன. நன்னாள் அமையட்டும்."

ஒவ்வொரு காதுக்கும் அதனதன் செய்தி மட்டும். பல் துலக்குகிறவர்கள் துலக்கியபடியும், மாவு கரைக்கிறவர்கள் கரைத்தபடியும் அதைக் கேட்டுக்கொள்வார்கள். இன்று மழை உண்டா இல்லையா என்று கேட்பதைப் போலத்தான். காதுகுத்து நாளில், தாய்மாமன் மடியில் வைத்து, குழந்தையின் செவிக்குப் பின்னே பதிக்கப்படும் அந்தக் கடுகளவு கருவிக்குச் செவிமணி என்று பெயர். பேசுவது, கேட்பது, வழி விசாரிப்பது, கதவைத் திறப்பது எல்லாம் அதன் வழியேதான். எவற்றையெல்லாம் அரசுக்கு அனுப்பிவைத்தோம் என்று அதுவே நாள்தோறும் சொல்லிவிடவும் வேண்டும், அது சட்டம். ஒளிவுமறைவாகச் செய்தார்கள் என்று நாளைக்கு ஒருவரும் குறை சொல்லிவிடக்கூடாது அல்லவா?

மன்னார் வளைகுடாவில் நங்கூரமிட்டு மிதக்கும் அந்த ஊரில், ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், செண்பகவல்லியின் காதுக்குள் அந்தக் குரல் எழவில்லை. அடுப்படியில் நின்றபடி அவள் அந்த அமைதியை ருசித்தாள். ஒரு மாதமாக இப்படித்தான். அதற்காக அவள் பதினோரு ஆண்டு நீதிமன்றப் படி ஏறியிருந்தாள்.

மிதவூரின் தொடர்புப் பதிவுக் காப்புச் சட்டம் சுருக்கமானது. யார், யாருடன், எங்கிருந்து, எப்போது, எத்தனை நிமிடம் பேசினார் என்பதை அரசு பன்னிரண்டு ஆண்டு காத்து வைக்கும். என்ன பேசினார் என்பதைத் தொடாது. "நாங்கள் கடிதத்தைப் படிப்பதில்லை, உறையின்மேல் எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறோம்" என்று அமைச்சர் மன்றத்தில் விளக்கினார். அதிலிருந்து அந்தப் பதிவுக்கு உறைப்பதிவு என்றும், அது உறங்கும் குளிர்ந்த கட்டடத்துக்கு உறைக்காப்பகம் என்றும் பெயர் நிலைத்தது.

செண்பகவல்லியின் கணவர் மாசிலாமணி அந்நாளில் கரைக்கும் மிதவூருக்கும் இடையே பயணிகள் படகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரின் நங்கூரச் சங்கிலியை அறுக்க முயன்ற கும்பல் ஒன்று பிடிபட்டபோது, அவர்களுடைய உறைப்பதிவில் ஓர் எண் முப்பத்தொரு முறை வந்திருந்தது. மாசிலாமணியின் பதிவில் அதே எண் நாற்பது முறை. பத்தொன்பது நாள் அவரை உள்ளே வைத்து விசாரித்தார்கள். அது ஒரு பரோட்டாக் கடையின் எண். கடிதத்தையும் படித்திருந்தால், 'நாலு பரோட்டா, சால்னா தனியா' என்பதற்குமேல் அதில் சதி ஏதும் இல்லை என்று முதல் நாளே தெரிந்திருக்கும். உறையை மட்டும் பார்க்கிறவர்களுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம்.

விடுதலையாகி வந்தவருக்குப் படகோட்டும் உரிமம் திரும்பி வரவில்லை. நண்பர்களும் திரும்பி வரவில்லை. அவர் எண்ணோடு தம் எண் ஒரே வரியில் நிற்பதை ஊரில் யாரும் விரும்பவில்லை. செண்பகவல்லியும் அன்று அவரிடம் ஒரு வாக்கு வாங்கினாள்.

"என் கூடயும் பிள்ளை கூடயும் தவிர, இந்தச் செவிமணியில இனிமே ஒருத்தர்ட்டயும் பேசப்பிடாது. இன்னொரு தடவை உங்களைத் தேடி என்னால அலைய முடியாதுங்க."

அவர் தலையாட்டினார். அதன்பின் அவருக்கு வீடே உலகமாயிற்று. செண்பகவல்லி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு முறைவேலைக்குப் போகும் நேரங்களில், அவர் பலகைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடுவார். புலிக்கும் அவரே காய் நகர்த்துவார், ஆட்டுக்கும் அவரே. அதிலும் செவ்வாய்க்கிழமைகளில் அவள் மாலைமுறை முடிந்து வரும்போது மனிதர் நல்ல உற்சாகத்தில் இருப்பார். "இன்னைக்குப் புலி மாட்டிக்கிடுச்சு பாத்துக்கோ" என்பார். தனக்குத்தானே தோற்று, தனக்குத்தானே ஜெயித்து மகிழும் அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம், அவளுக்கு அரசின்மேல் புதிதாக ஒருமுறை கோபம் வரும்.

அந்தக் கோபத்தில்தான் வழக்குத் தொடுத்தாள். முதல் மனுதாரர் என்று அவள் பெயர் நின்றது. பதினோராம் ஆண்டில் தீர்ப்பு வந்தது: சட்டம் இருக்கும், ஆனால் விரும்புகிற குடிமகன் தன் பதிவை அழிக்கச் சொல்லலாம். கேட்ட நாளோடு பதிவு நின்றுவிடும். பழையதை நாற்பது நாள் முத்திரையிட்டு வைத்திருந்து, பிறகு அடியோடு அழிப்பார்கள். முதல் நாளே செண்பகவல்லி தனக்கும் கணவருக்குமாக இரண்டு படிவம் கொடுத்தாள். ஒரு கேள்வியும் கேட்காமல், அவள் படிவத்தை நீட்டுமுன்பே மாசிலாமணி கட்டைவிரலை நீட்டியது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வியப்பு என்னவென்றால், ஒரு மாதத்தில் அழிப்புரிமை கேட்டவர்கள் ஊர் முழுவதிலும் முப்பத்தெட்டுப் பேர்தாம். அதற்குக் காரணம் அரசு அன்று, கல்யாணம்.

தன் பதிவின் நகலைத் தானே கேட்டுப் பெறக் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று சட்டத்தின் மூலையில் ஒரு விதி இருந்தது. தவறாகப் பதிந்தால் திருத்திக்கொள்ள வைத்த விதி. எந்தப் புண்ணியவதி முதலில் தொடங்கினாளோ, பெண் கேட்டு வருகிறவர்கள் வெற்றிலை பாக்கு, பழத்தோடு மாப்பிள்ளையின் பதிவு நகல் அடங்கிய உறைத்தகட்டையும் தட்டில் வைத்து நீட்டும் வழக்கம் வந்துவிட்டது. பெண்வீட்டார் பெண்ணுடைய தகட்டை எதிர்த்தட்டில் வைப்பார்கள். உறை மாற்றுதல் என்று அதற்குப் பெயர். நட்சத்திரப் பொருத்தம் பார்த்த காலம் போய், அத்தைமாரும் சித்திமாரும் நகக்கணுவளவு தகட்டைத் திரையில் இட்டு, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் அம்பது நிமிஷம் யாரிட்ட பேசியிருக்கான்?" என்று ஆராய்வதே பொருத்தம் என்றாயிற்று. வெற்றுத் தகட்டை நீட்ட யார் துணிவார்கள்?

அந்த வியாழக்கிழமை, செண்பகவல்லியின் மகள் நறுமுகைக்கு உறை மாற்றுவதாக இருந்தது.

நறுமுகை பவளப் பண்ணையில் வேலை பார்க்கிறவள். பையன் மருதவாணன், கடலலையில் மின்சாரம் எடுக்கும் சுழலிகளைப் பழுதுபார்க்கிறவன். பண்ணைக்குப் பக்கத்திலேயே அவன் பட்டறை. இருவருக்கும் பிடித்துப்போய், பன்னிரண்டு நாளுக்கு முன் பையனின் தாய் சொர்ணவடிவு முறைப்படி வந்து பெண் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். இன்று தட்டோடு வந்தாள். பையன் மரியாதைக்காகச் சற்றுத் தள்ளி நின்றான்.

செண்பகவல்லி முன்கூட்டியே ஒரு முடிவு செய்திருந்தாள். தட்டு நீட்டப்பட்டதும் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தகட்டை விரலால் ஒதுக்கினாள்.

"இது வேண்டாம் மதினி. நாங்க ஆளைப் பாத்துப் பொண்ணு குடுக்கோம். உறையைப் பாத்து இல்லை."

பதினோரு ஆண்டாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் அது. சொல்லி முடித்ததும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் சொர்ணவடிவின் முகம் ஏனோ தர்மசங்கடத்தில் நெளிந்தது.

"நீங்க பெரிய மனசு பண்ணுதிய. ஆனா நான் மறைக்கேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரப்பிடாதுல்லா? அதுல ஒண்ணுமே இல்லை மதினி. அழிச்சிட்டான்."

அவளே தகட்டைத் திரையில் இட்டாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி: 'உரியவர் விருப்பப்படி முத்திரையிடப்பட்டது.' அதன்கீழே நாள். ஒன்பது நாளுக்கு முந்திய நாள்.

"நல்லாப் பண்ணுனீங்க மாப்ளை" என்றாள் செண்பகவல்லி. அவன் தலைகுனிந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில் கூச்சம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவள் அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

திறந்த கதவை எட்டிப் பாராமல் கடந்து போவது பெருந்தன்மை. பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் பெருந்தன்மைக்கு வேலையே இல்லை. விருந்தினர் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் மனம் நாள்களை எண்ணியது. பெண் கேட்டு வந்தது பன்னிரண்டு நாளுக்கு முன். அழித்தது ஒன்பது நாளுக்கு முன். இடையே மூன்று நாள். தீர்ப்பு வந்து மூன்று வாரமாகச் சும்மா இருந்தவன், கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஓடிப்போய் ஏன் அழித்தான்?

ஆலமரத்துப் பறவைகள் எல்லாம் கூடி, தம் கூடுகளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கழுகை ஒருநாள் விரட்டிவிட்டனவாம். மறுநாள் காலையில் இலை மறைவில் கூடு கட்டிய தூக்கணாங்குருவியைச் சுற்றி நின்றுகொண்டு, "கழுகுதான் போய்விட்டதே, இனி யாருக்கு மறைக்கிறாய்?" என்று கேட்டனவாம். அந்தக் கூட்டத்தில் முதலில் நின்றது, கழுகை விரட்ட முதலில் பறந்த பறவைதானாம்.

"ஏட்டி, அவன் ஏன் அழிச்சான்னு நீ கேட்டியா?" என்றாள் மகளிடம்.

"கேட்டேன். இன்னொருத்தர் ரகசியம் அதுல இருக்குன்னாரு. சரின்னு விட்டுட்டேன்."

"விட்டுட்டியா?"

"நீ வளத்த பிள்ளைதான நான்?" நறுமுகை நீச்சல் உடையை உதறிக் காயப்போட்டாள். "அவரு என் கூடப் பேசுனது என் பதிவுல இருக்கும்னு கேக்கப்போறே. தர மாட்டேன்."

மகள் மறுத்தாலும், அவள் வாயால் ஒரு வழி கிடைத்துவிட்டது. ஒருவன் தன் பதிவை அழிக்கலாம். அவனோடு பேசியவர்களின் பதிவுகளில் அவன் இருப்பான் அல்லவா? மறுநாள் செண்பகவல்லி முறைவேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வரவில்லை. மருதவாணன் முன்பு குடியிருந்த வீட்டுக்காரியைப் பார்க்கப் போனாள். அடுத்த நாள் பட்டறை மேலாளரை. அதற்கடுத்த நாள் அவன் வாடிக்கையாகத் தேநீர் சொல்லும் கடைக்காரரை. யாரும் மறுக்கவில்லை. "அதுக்கென்ன அக்கா, பாத்துக்கோங்க" என்று காதைச் சாய்த்து அவளுடைய திரையில் தம் பதிவை ஊற்றினார்கள். அவன் பகுதி மட்டும் போதும் என்று அவள் சொன்னபோது, "முழுசாவே பாருங்க, எங்க மச்சினன் யார்கிட்டப் பேசுதான்னும் அதுல வரும்" என்று உபகாரமாகச் சொன்னார் தேநீர்க் கடைக்காரர். தீர்ப்பு வந்த அன்று அவளுக்கு மாலை போட்டவர் அவர்.

ஆறு நாளில் பதினொரு பேரின் பதிவுகள் சேர்ந்தன. அவற்றை அடுக்கி வைத்தபோது மருதவாணனின் மூன்று ஆண்டு ஏறக்குறைய முழுமையாகத் தெரிந்தது. நல்ல பிள்ளை. தாயோடு நாள்தோறும் பேசுகிறான். பட்டறைக்கு வரத் தாமதமானால் சொல்லிவிடுகிறான். ஒரே ஓர் ஓட்டை. மேலாளர், நண்பர்கள், தேநீர்க் கடைக்காரர் என்று யார் அழைத்திருந்தாலும், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை ஒரே குறிப்புதான்: 'வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார்.' வாரம் தவறாமல். நறுமுகையைச் சந்திப்பதற்கு முன்பும், சந்தித்த பின்பும்.

அவள் திரையை மாசிலாமணியின் முன்னால் வைத்தாள். அவர் கூழாங்கற்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"பாத்தியளா? மூணு வருஷம். ஒரு செவ்வாய் விடலை. அந்நேரம் யார் கூட இவ்வளவு பேச்சு? எவளோ ஒருத்தி இருக்கா."

அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். சுண்ணக்கோடு ஒன்றை விரலால் தேய்த்து அழித்தார்.

"பன்னண்டு வருஷம் மூவாயிரம் பேரை வேலைக்கு வச்சு அவங்க செஞ்சதை, நீ தனியா ஆறு நாள்ல செஞ்சிட்டியே செம்பகம்."

"கிண்டல் பண்ணாதீங்க. பெத்தவளுக்கு இருக்குற பயம் உங்களுக்கு எங்க தெரியும்?"

"பயம் தப்பு இல்லை. ஆனா நீ இதை விட்டுரேன்" என்றார். மிக மெதுவாகச் சொன்னார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனிதர், வேறென்ன சொல்வார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சொர்ணவடிவு கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் கேட்டு ஆளனுப்பியபோது, "ஆடி கழியட்டும் மதினி" என்று பதில் சொல்லிவிட்டாள். ஆடி மாதம் தமிழர்களுக்குப் பல வகையில் கை கொடுத்திருக்கிறது.

மறுநாள் முற்பகலில் அவள் உறைக்காப்பகத்துக்குப் போனாள். பதினோரு ஆண்டில் நூறு முறை எதிரியாக ஏறிய படிகள். முகப்பில் மனிதர் யாரும் இல்லை. உறைக்காப்பாளன் என்னும் எந்திரம் எழுந்து நின்று கைகூப்பியது.

"வருக அம்மா. தாங்கள் வந்ததை நான் எங்கும் குறிக்கவில்லை. தங்கள் தீர்ப்பின்படி."

"மருதவாணன்னு ஒரு பையன். முத்திரை போட்ட பதிவு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் பேசுன எண் மட்டும் எனக்குத் தெரியணும்."

"இயலாது அம்மா. 'ஒருவர் மூடிய உறையைத் திறப்பதற்கு அன்பும் ஒரு சாவி ஆகாது.' தங்கள் மனுவின் நாற்பத்திரண்டாம் பத்தி. அதைத்தான் முகப்பில் எழுதி வைத்திருக்கிறோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பொன்னெழுத்தில் தன் வாக்கியம். எழுதிய அன்று அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

"நான் வேத்து ஆள் இல்லையே. பொண்ணு குடுக்கப்போறவ. எங்களை மாதிரிப் பெத்தவங்களுக்கு ஒரு விலக்கு கிடையாதா?"

"விலக்கு இல்லை, விலக்குக் கோரும் விண்ணப்பம் உண்டு. மணம் பேசிய வீட்டார் ஒருவர் பதிவை மற்றவர் காணலாம், முத்திரையிட்டதையும் திறக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தக் கோருவது. மிதவூரில் ஆறாயிரத்து நூற்றிருபது வீடுகள். பத்தில் ஒரு பங்கு, அதாவது அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலிருந்து விண்ணப்பம் சேர்ந்தால், மன்றம் அதை எடுத்துக்கொண்டே தீரவேண்டும்."

செண்பகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். கூடத்தில் ஒருவரும் இல்லை.

"என் பேரு வெளிய தெரியுமா?"

"எல்லோரும் கேட்ட கேள்விதான் அம்மா. தெரியாது. விண்ணப்பித்தவர் பெயர் அந்தரங்கம் ஆகையால் முத்திரையிடப்படும். தங்கள் வருகைக்குப் பதிவே இல்லாததால், தங்களுக்கு இரட்டைப் பாதுகாப்பு."

"எத்தனை பேரு கேட்டிருக்காங்க?"

"ஐந்நூற்றுக்கு மேல். அதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

ஐந்நூறு பேர். அப்படியானால் தான் ஒருத்தி கூடுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணிக்கொண்டாள். அந்த ஐந்நூறு பேரும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கட்டைவிரலை நீட்டினாள்.

எண்ணிக்கை அன்று மாலையே நிறைந்தது. பதினோரு ஆண்டு வாய்தா கேட்ட அரசு, மக்களே விரும்பிக் கேட்டதைப் பதினெட்டே நாளில் நிறைவேற்றிக் கொடுத்தது. குடும்ப நலத் திருத்தம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அமைச்சர் பேசும்போது அவருக்கு மகிழ்ச்சியில் குரல் தழுதழுத்தது. ஊரில் எல்லோரும் அதை வைதார்கள். "யாரு கேட்டாங்க இதை? நான் கேக்கலை" என்று தேநீர்க் கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு வீட்டார் யார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மணம் பேசி முடித்த வீடுகளுக்கெல்லாம் தகடுகள் தாமாகவே வந்தன. ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. செண்பகவல்லிக்கு மாலைமுறை. நிலையத்தின் உப்புநீர்த் தொட்டிகளுக்கு இடையே ஓர் ஓரமாக நின்று அவள் மருதவாணனின் தகட்டைத் திரையில் இட்டாள்.

செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி, ஐம்பத்திரண்டு நிமிடம். செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி, நாற்பத்தெட்டு நிமிடம். மூன்று ஆண்டு முழுவதும் ஒரே எண். அதன் எதிரே பெயர் இல்லை. 'உரியவர் விருப்பப்படி அழிக்கப்பட்டது' என்றிருந்தது. பெயர் தேவைப்படவும் இல்லை. அந்த எண்ணை அவள் பதினோரு ஆண்டாக மனுவின் ஒவ்வொரு பக்கத்திலும் தன் கையால் எழுதியிருந்தாள். முதல் மனுதாரரின் கணவர் எண்.

மேற்பார்வையாளரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மணி ஐந்தேகால். கதவு அவளுக்குத் திறந்தபோது, மாசிலாமணி கூழாங்கற்களுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆட்டை அங்க வச்சா அடுத்தாப்புல என் புலி தாவிருமேப்பா. யோசிச்சு வை..." அவளைக் கண்டதும் நிறுத்தினார். "அப்புறம் பேசுதேன்" என்று காதைத் தொட்டு அணைத்தார்.

அடியில் மிதவைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

"ஆடுபுலியா?" என்றாள் கடைசியில்.

"ஆடுபுலிதான். அவன் எப்பவும் ஆடு." அவர் கற்களைக் கைக்குள் கூட்டினார். "மூணு வருஷம் முந்தி ஊருக்குப் புதுசா வந்தப்ப, ஒரு எண் மாத்திப் போட்டு எங்கிட்ட வந்துட்டான். கோடு கிழிச்சுக்கிட்டே பேசுனேன். என்ன பண்ணுதீங்கன்னு கேட்டான், சொன்னேன். இது யார் எண்ணுன்னு கூட்டாளிங்க அவனுக்குச் சொல்லியிருக்கானுவ, பேசாதேன்னு. அடுத்த செவ்வாய் கூப்பிட்டு, 'இன்னைக்கு யார் ஆட்டம்'னு கேட்டான். எட்டு வருஷத்துல என்னைக் கூப்பிட்ட முத ஆளு செம்பகம்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"உனக்கு வாக்குக் குடுத்தேன்லா. அதைச் சொன்னா நீ வேலைக்குப் போற ஒவ்வொரு செவ்வாயும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுப் போவே. அவன் கிட்டயும் சத்தியம் வாங்கிக்கிட்டேன், உனக்குத் தெரியப்பிடாதுன்னு. எம் மக பவளப் பண்ணையில இருக்கா, பாத்தா ஒரு வணக்கம் சொல்லுன்னு ஒரு தடவை சொன்னேன். மிச்சம் அவனாச் சொன்னது. பொண்ணு கேட்டு வந்ததும், தட்டுல தகட்டை வச்சா நீ பாத்துருவியேன்னு பதறிட்டான். நீ பாக்க மாட்டேன்னு நான் சொன்னேன். இருந்தாலும் அழிச்சிட்டான்."

செண்பகவல்லி தரையில் உட்கார்ந்தாள். எவளோ ஒருத்தி என்று தான் சொன்னது காதுக்குள் திரும்பக் கேட்டது. அதைச் சொல்ல எந்தச் செவிமணியும் தேவைப்படவில்லை.

"அறுநூத்துப் பன்னண்டு பேராம்லா" என்றார் மாசிலாமணி, கற்களைப் பார்த்தபடியே.

அவள் கட்டைவிரலை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவர் மேலே கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து மருதவாணன் நேரில் வந்தான். அவன் முகத்தில் சினம் இருந்தது. ஆனால் அது அவள்மேல் இல்லை. ஆடுபுலிக் கோடுகளுக்கு முன்னால் இருந்த மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

"ஒளிச்சதுக்கு மன்னிச்சிருங்க அத்தை. உங்களை நம்பாம இல்லை. மாமாவுக்குச் சத்தியம் பண்ணிட்டேன்."

"எனக்கு வருத்தம் இல்லை மாப்ளை" என்றாள். உண்மைதான், வருத்தத்துக்கு அப்போது அவளிடம் இடம் இல்லை. "ஆவணி முத முகூர்த்தத்துலயே வச்சுக்கிடுவோம். உங்கம்மாகிட்டச் சொல்லிருங்க."

அவன் முகம் மலர்ந்தது. பைக்குள்ளிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தான்.

"இன்னொரு விசயம். அந்தத் திருத்தத்தை எதுத்து வழக்குப் போடப்போறோம். பட்டறையில எழுபது பேரு சேந்திருக்கோம். முதல் மனுதாரரா நீங்கதான் இருக்கணும். உங்க பேரு இருந்தாத்தான் நீதிமன்றம் மதிக்கும்."

அவள் காகிதத்தை வாங்கினாள். தலைப்புக்குக் கீழே அவளுடைய பழைய வாக்கியத்தையே எழுதியிருந்தான். அவளுடைய பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தாள். இந்த வழக்கு சரியான வழக்கு. அதில் அவளுக்கு இன்றும் ஐயம் இல்லை. கையெழுத்திட்டாள்.

"முத வேலையா ஒண்ணு கேக்கணும் அத்தை" என்றான் மருதவாணன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த அறுநூத்துப் பன்னண்டு பேரு யாருன்னு வெளிய வரணும். முத்திரையை உடைக்கச் சொல்லி மனுவுலயே கேப்போம். நம்ம கூடவே உக்காந்து தேநீர் குடிச்சுக்கிட்டு, போய் விரல் வச்சிருக்கானுவ. எவன் எவன்னு ஊருக்குத் தெரியவேண்டாமா?"

மாசிலாமணியின் கை ஒரு கல்லின்மேல் நின்றது.

செண்பகவல்லி காகிதத்தை ஒழுங்காக மடித்தாள். பிறகு, பதினோரு ஆண்டு நீதிமன்றத்தில் பேசிய அதே நிதானத்தில் சொன்னாள்:

"அது தப்பு மாப்ளை. யார் என்ன பயத்துல கேட்டாங்களோ. அது அவங்க அந்தரங்கம்."

மருதவாணன் வெட்கத்தோடு தலைகுனிந்தான். நான் அதை யோசிக்கவில்லையே, உங்களைப்போல் பெரிய மனம் எனக்கு எப்போது வரும் என்றெல்லாம் சொன்னான்.

"சரியாச் சொன்னே செம்பகம்" என்றார் மாசிலாமணி, தலைநிமிராமல். புலியை ஒரு கட்டம் பின்னுக்கு நகர்த்தினார்.